ஆபத்து உள்ள வரைதான் மருந்து: தொற்று வருமுன் ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொள்ளும் முறை

காய்ச்சலோ சீழோ கண்ட பிறகு ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவது நமக்குப் பழகிய வழக்கம். உடம்பில் எந்தக் குறையும் இல்லாதவருக்கு, கிருமி உள்ளே நுழையக்கூடும் என்ற எதிர்பார்ப்பில் மட்டும் அதே மருந்தைத் தருவது வேறு வகையான வேலை. மருத்துவர்கள் இதைப் புரொஃபிலாக்சிஸ் என்பார்கள். தடுப்பூசியோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக நான் இங்கே ‘முன்தடுப்பு மருந்து’ என்று எழுதுகிறேன். தடுப்பூசி உடலின் எதிர்ப்புச் சக்திக்குக் கிருமியை அடையாளம் காட்டிவிட்டு விலகிக்கொள்ளும். அந்த நினைவு ஆண்டுக்கணக்கில் நிற்கும். முன்தடுப்பு மருந்து உடலுக்கு எதையும் கற்றுத் தருவதில்லை. இரத்தத்திலும் திசுவிலும் போதிய அளவு இருக்கும் வரை அது காவல் காக்கும். சிறுநீரோடு வெளியேறியதும் காவலும் போய்விடும்.

இதனால்தான் முன்தடுப்பு மருந்தில் மருந்தின் பெயரைவிட நேரத்துக்கு மதிப்பு அதிகம். வரக்கூடிய கிருமி எது, அது எந்தக் கணத்தில் நுழையும், நுழையும் ஆபத்து எவ்வளவு காலம் நீடிக்கும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். அறுவை சிகிச்சையில் அந்த ஆபத்து சில மணி நேரம். பல் பிடுங்கும்போது சில நிமிடங்கள். சேற்று வயலில் இறங்குபவருக்குச் சில வாரங்கள். ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதான சிறுமிக்கு இருபது, முப்பது ஆண்டுகள். மருந்தும் அதற்கு ஏற்றபடி ஒரே ஓர் ஊசியாகவோ, பாதி வாழ்நாள் நீளும் ஊசிகளாகவோ அமைகிறது. இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாமல் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எழுதப்படும் மாத்திரையை நான் முன்தடுப்பில் சேர்ப்பதில்லை.

கீழே வரும் அளவுகள் உங்கள் மருந்துச் சீட்டை நீங்கள் புரிந்துகொள்வதற்கும் மருத்துவரிடம் தெளிவாகக் கேள்வி கேட்பதற்கும் உதவுபவை. கடையில் தாமாகவே வாங்கிக்கொள்வதற்கு இவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

கத்தி படுவதற்கு முன்

பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை எவ்வளவு தடவினாலும் தோலைக் கிருமியே இல்லாததாக ஆக்கிவிட முடியாது. மயிர்க்கால்களின் அடியிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் தங்கியிருக்கின்றன. கத்தி அந்த அடுக்கைக் கடக்கும்போது சில கிருமிகள் புண்ணுக்குள் இறங்கத்தான் செய்யும். அவை இறங்கும் நேரத்தில் அந்தத் திசுவில் மருந்து ஏற்கெனவே இருந்தால் பெருக இடமின்றி அழிந்துபோகும். சில மணி நேரம் தாமதித்தால் உறைந்த இரத்தமும், அதை உறையவைக்கும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளும் கிருமிகளைப் பொதிந்துகொள்ள, பிறகு வரும் மருந்து அவற்றை எட்டுவது கடினமாகிவிடும்.

இதை 1961இல் பாஸ்டனைச் சேர்ந்த ஜான் பர்க் கினிப்பன்றிகளில் செய்துகாட்டினார். தோலுக்குள் கிருமியைச் செலுத்துவதற்கு முன்போ உடனேயோ மருந்து கொடுத்தபோது புண் பெரிதாகவில்லை. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது மருந்து கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் வேறுபாடே தெரியவில்லை. மனிதர்களிடம் இதே கணக்கை 1992இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2847 நோயாளிகளை வைத்து எடுத்தார்கள். கீறலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களில் 0.6 விழுக்காட்டினருக்கே புண்ணில் தொற்று ஏற்பட்டது. அதைவிட முன்கூட்டியே பெற்றவர்களில் அது 3.8 விழுக்காடு, கீறல் விழுந்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பெற்றவர்களில் 3.3 விழுக்காடு. சீக்கிரமாகப் போட்ட ஊசியும் தாமதமாகப் போட்ட ஊசியும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தோற்றுப்போயின என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. காலை ஆறு மணிக்கு வார்டிலேயே ஊசியைப் போட்டுவிட்டு, நண்பகலில் நோயாளியை அறுவை அரங்குக்குத் தள்ளிச் செல்லும் பழைய வழக்கம் ஏன் வீண் என்பது இந்த எண்களைப் பார்த்தால் விளங்கும்.

பெரும்பாலான அறுவைகளுக்கு ஏற்ற மருந்து செஃபசோலின் என்ற பழைய, மலிவான ஊசி. அதன் பாதி அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுவதால், கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் 2 கிராம் நரம்பு வழியாகச் செலுத்துவது வழக்கம். 120 கிலோவுக்கும் அதற்கு மேலும் எடை உள்ளவர்களுக்கு 3 கிராம். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 30 மில்லிகிராம். வான்கோமைசின் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக்கைத் தர வேண்டியிருந்தால் அதை மெதுவாக ஏற்ற வேண்டும் என்பதால் இரண்டு மணி நேரம் முன்பே தொடங்குவார்கள். முழங்கால் அறுவையில் தொடையைச் சுற்றி இறுக்கும் பட்டையில் காற்றேற்றுவதற்கு முன்பே மருந்து முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். இறுக்கிய பிறகு இரத்தம் போகாத காலுக்கு மருந்து மட்டும் எப்படிப் போகும்? ஆகவே இந்த ஊசியைப் போட ஏற்ற இடம் அறுவை அரங்கு. ஏற்ற ஆள் மயக்க மருந்து நிபுணர்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் இதற்கென்றே ஒரு வரி இருக்கிறது. நோயாளியின் மேல் பச்சைத் துணிகள் விரிக்கப்பட்டு, அறுவை மருத்துவர் கத்திக்குக் கையை நீட்டும் நேரத்தில் எல்லோரும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். செவிலியர் நோயாளியின் பெயரையும், அறுவையின் பெயரையும், அறுக்க வேண்டிய இடத்தையும் உரக்க வாசித்துச் சரிபார்ப்பார். பிறகு, கடந்த 60 நிமிடங்களுக்குள் ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டதா என்று கேட்பார். மயக்க மருந்து நிபுணர் ஊசி போட்ட நேரத்தைச் சொல்வார். நீங்கள் அப்போது மயக்கத்தில் இருப்பீர்கள்; ஆனால் முந்தைய நாளே, ‘இந்தப் பட்டியலை இங்கே வாசிப்பீர்களா?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ, ஒன்றரை லிட்டருக்கு மேல் இரத்தம் போனாலோ மேசையிலேயே இன்னொரு முறை செஃபசோலின் தர வேண்டும். தையல் போட்டு முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அறுவை முடிந்த பிறகு முன்தடுப்பு மருந்தை நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. கழிவு நீர் வடிய டியூப் வைத்திருப்பது கூட நீட்டிப்பதற்குக் காரணம் ஆகாது. இதய அறுவை போன்ற ஓரிரு இடங்களில் ஒரு நாள் வரை தொடர்வதுண்டு. அதற்கு மேல் தொடர்வதால் புண்ணுக்குக் கூடுதல் காவல் கிடைப்பதில்லை. வயிற்றுப்போக்கும், சிறுநீரகச் சுமையும், மருந்துக்கு அடங்காத கிருமிகளும்தான் மிஞ்சும்.

நடைமுறை இதற்கு நேர்மாறாக இருப்பதை நான் வீட்டிலேயே பார்த்தேன். உறவினர் ஒருவருக்குக் குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்தார்கள். அறுவை எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஏழு நாளுக்குச் செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதியிருந்தார்கள். எதற்கு என்று கேட்டபோது, மாத்திரை எழுதாமல் அனுப்பினால் நோயாளிகளுக்குத் திருப்தி இருப்பதில்லை என்று பணிவாகவே பதில் வந்தது. குறை முழுவதையும் மருத்துவர் தலையில் போட முடியாது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. சீட்டில் நான்கு வரி இல்லாவிட்டால் கவனிப்புப் போதவில்லை என்று நினைப்பவர்கள் நாம்தான்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியிருந்தாலோ, அறுக்கும்போது ஏற்கெனவே தொற்று இருப்பது தெரிந்தாலோ, அதன் பிறகு தரப்படும் மருந்து சிகிச்சை, முன்தடுப்பு அல்ல. அதை மருத்துவர் சொன்ன நாள் வரை எடுத்தே ஆக வேண்டும். ஆகவே வீட்டுக்கு வரும்போது சீட்டில் ஆன்டிபயாட்டிக் இருந்தால், தாமாக நிறுத்தாதீர்கள். ‘இது இருக்கும் தொற்றுக்கா, வராமல் தடுக்கவா?’ என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். தடுக்க என்றால், ‘அறுவைக்கு முன் போட்ட ஊசி போதாதா?’ என்பது நியாயமான அடுத்த கேள்வி.

எல்லா அறுவைக்கும் ஊசி தேவையும் இல்லை. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புக் கட்டியை எடுப்பது போல, குடலையோ சிறுநீர்ப் பாதையையோ தொடாத, உலோகமோ வலையோ உள்ளே வைக்காத சிறிய, சுத்தமான அறுவைகள் பலவற்றுக்கு அது வேண்டியதில்லை. வேறு ஆபத்துக் காரணங்கள் இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே நாள் குறித்து லேப்ராஸ்கோப்பி வழியாகப் பித்தப்பையை எடுப்பதற்கும் வழிகாட்டு நெறிகள் அதைக் கேட்பதில்லை. சிசேரியனுக்குக் கட்டாயம் தேவை. மருந்து குழந்தைக்குப் போய்விடும் என்று அஞ்சித் தொப்புள்கொடியை இறுக்கிய பிறகு ஊசி போடும் பழக்கம் முன்பு இருந்தது. கீறலுக்கு முன்பே போட்டால்தான் தாய்க்குத் தொற்று குறைகிறது என்று தெரிந்த பிறகு அது மாறியது. சிக்கல் இல்லாத சுகப்பிரசவத்துக்கு, சிறு தையல் போட்டிருந்தாலும், வழக்கமாக ஆன்டிபயாட்டிக் தர வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

கண்புரை அறுவை தனிக் கதை. அதில் மருந்தை நரம்பில் ஏற்றுவதில்லை. அறுவையின் முடிவில் சிறு துளி அளவு மாக்சிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கண்ணின் முன்னறைக்குள்ளேயே செலுத்திவிடுகிறார்கள். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனைகளில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளைக் கணக்கிட்டு 2017இல் வெளியான ஆய்வில், கண்ணுக்குள் சீழ் பிடிக்கும் எண்டாஃப்தால்மைட்டிஸ் 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்திருந்தது. 10,000 பேரில் ஏழு பேருக்கு வந்தது இரண்டு பேராகியிருக்கிறது. எண் சிறியதாகத் தோன்றலாம். அந்த நோய் வந்தவர்களில் பலருக்குப் பார்வை திரும்புவதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் எடை தெரியும்.

நோயாளியும் வீட்டாரும் செய்ய வேண்டியவை அறுவைக்குச் சில நாள் முன்பே தொடங்குகின்றன. முதலாவது, ஒவ்வாமை பற்றிய உண்மையான கதையைச் சொல்வது. ‘பென்சிலின் ஒத்துக்காது’ என்று மட்டும் சொல்லாமல், எந்த மருந்து, எத்தனை ஆண்டுக்கு முன், உடம்பில் தடிப்பு வந்ததா, மூச்சுத் திணறியதா, மயங்கி விழுந்தீர்களா, வயிறு மட்டும் கலக்கியதா என்று விளக்குங்கள். வயிறு கலக்குவது ஒவ்வாமை ஆகாது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர் என்று பதிவானவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இல்லை என்றே தெரிகிறது. ஆனால் அந்த ஒரு சொல் கோப்பில் ஏறிவிட்டால், செஃபசோலினை விட்டுவிட்டு அதைவிடத் திறன் குறைந்த மாற்று மருந்தைத் தருவார்கள். தொற்றின் ஆபத்து கூடும். உண்மையாகவே மூச்சு முட்டியவர் அதை மறைக்கவும் கூடாது.

எடையைச் சரியாகச் சொல்லுங்கள். கடந்த சில மாதங்களில் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்குகளின் அட்டைகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரில் எரிச்சல், பல்லில் சீழ், தோலில் கொப்புளம் எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். அவசரமில்லாத அறுவை என்றால் அதைக் குணப்படுத்திவிட்டுத்தான் தொடங்குவார்கள். முந்தைய இரவோ அன்று காலையோ சோப்புப் போட்டுக் குளியுங்கள். அறுக்கும் இடத்தை வீட்டில் பிளேடால் வழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல்களில் கிருமிகள் குடியேறிவிடும். முடியை அகற்றியே ஆக வேண்டும் என்றால் மருத்துவமனையில் கிளிப்பர் கொண்டு நறுக்கிக்கொள்வார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் புகைப்பதை நிறுத்தாதவருக்கும் எந்த ஊசியும் முழுக் காவல் தராது.

இருபத்தொரு நாளுக்கு ஓர் ஊசி

முன்தடுப்பின் மறு எல்லை இது. தொண்டையில் ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றிய சில குழந்தைகளுக்கு, இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வரும். கிருமியை எதிர்க்க எழுந்த எதிர்ப்புச் சக்தி இதய வால்வையும் தாக்கும். இந்த ருமாட்டிக் காய்ச்சல் ஒரு முறை வந்துபோனதோடு முடிவதில்லை. அடுத்த தொண்டைத் தொற்று ஒவ்வொன்றும் வால்வை இன்னும் கொஞ்சம் கெடுக்கக்கூடும். அடுத்த தொற்று என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஆண்டு முழுவதும் இரத்தத்தில் கொஞ்சம் பென்சிலின் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

அதற்கென்றே அமைந்தது பென்சதீன் பென்சிலின். நம்மூரில் அதன் வணிகப் பெயரால் பெனிடியூர் ஊசி என்பார்கள். தசைக்குள் தங்கி, வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் கரையும் மருந்து அது. பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட், எடை குறைந்த சிறுவர்களுக்கு 6 லட்சம் யூனிட். நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்று சில நாடுகளில் தருகிறார்கள். நான்காவது வாரத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடுவதால், நோய் மிகுந்த நம் நாட்டில் 21 நாளுக்கு ஒன்று என்பதே வழக்கம். இதயம் பாதிக்கப்படாதவருக்கு ஐந்து ஆண்டுகள் அல்லது 21 வயது வரை, இவற்றில் எது பின்னால் வருகிறதோ அதுவரை. வால்வு பழுது நிலைத்துவிட்டவருக்குப் பத்து ஆண்டுகள் அல்லது 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. உகாண்டாவில் அறிகுறி எதுவும் இல்லாமல், எக்கோ எனும் இதய ஸ்கேனில் மட்டும் ஆரம்ப நிலை பழுது தெரிந்த 818 சிறுவர்களிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஊசி பெற்றவர்களில் 0.8 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கும் இரண்டு ஆண்டில் நோய் முற்றியிருந்தது.

இந்த ஊசியைப் போடுவதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. குப்பியில் இருப்பது வெள்ளைப் பொடி; சுத்திகரித்த நீரை விட்டு, நுரை பொங்காமல் உருட்டிக் கலக்கினால் நீர்த்த சுண்ணாம்பு போல வரும். அது கரைசல் அல்ல, நீரில் மிதக்கும் துகள். கலக்கியதும் போட்டாக வேண்டும், தயங்கினால் துகள் அடியில் படிந்து ஊசியை அடைத்துக்கொள்ளும். மெல்லிய ஊசி இதற்கு ஆகாது. 21 கேஜ் போன்ற சற்றுப் பருத்த ஊசிதான் வேண்டும். பிட்டத்தின் மேல்புற வெளிப்பக்கத்தில் ஆழமாக இறக்கி, ஒரே சீராக மெதுவாக அழுத்துவார்கள். கலக்கிய மருந்தைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றுவதும், குத்தும் இடத்தைக் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திவிட்டுக் குத்துவதும் வலியைக் குறைக்கும். இந்த மருந்து இரத்தக் குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வீட்டருகே தெரிந்தவரிடம் போட்டுக்கொள்ளாமல், மூச்சுத் திணறலையும் மயக்கத்தையும் சமாளிக்கும் வசதி உள்ள இடத்தில் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு வாருங்கள். வெறும் வயிற்றோடு போகாமல் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்த நிலையில் போட்டுக்கொள்வது நல்லது. வால்வு மிகவும் கெட்டுப்போய் மூச்சு வாங்கும் நிலையில் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பதிலாகத் தினம் இருவேளை பென்சிலின் மாத்திரை பாதுகாப்பாக இருக்கலாம். இதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு ஊசியே மேல், ஏனெனில் மாத்திரை மறந்துபோகும்.

நாளைக் குறித்துவைப்பதுதான் வீட்டாரின் முழு வேலை. தினசரி நாட்காட்டியில் 21ஆவது நாளின் தாளில் சிவப்பு மையால் வட்டமிட்டுவிடுங்கள். திருவிழா, தேர்வு, ஊர்ப்பயணம் எதுவானாலும் ஓரிரு நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ளலாம், தள்ளிப்போடுவதுதான் கூடாது. தவறிவிட்டால் நினைவு வந்த அன்றே போட்டுக்கொண்டு அங்கிருந்து மறுபடி எண்ணத் தொடங்குங்கள். பெண்பிள்ளைகளின் ஊசி பெரும்பாலும் நிற்பது திருமணத்தில்தான்: புகுந்த வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் விட்டுவிடுகிறார்கள், அல்லது கருவுற்றதும் குழந்தைக்கு ஆகாது என்று நினைத்து நிறுத்துகிறார்கள். பென்சிலின் கர்ப்ப காலத்தில் எடுத்துக்கொள்ளத் தக்க மருந்து. இதயத்தின் மேல் சுமை கூடும் அந்த மாதங்களில் புதிதாக ஒரு ருமாட்டிக் தாக்குதல் வருவதுதான் ஆபத்து. வால்வு மாற்றிய பிறகும் ஊசி தொடரும். இரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், தசையில் இரத்தக் கட்டு ஏற்படாமல் எப்படிப் போட்டுக்கொள்வது என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பல் பிடுங்கும் முன்

ஈறில் கீறல் விழும்போது வாயில் உள்ள கிருமிகள் சில நிமிடம் இரத்தத்தில் கலக்கின்றன. பெரும்பாலோருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பே எண்டோகார்டைட்டிஸ் எனும் இதய உட்சுவர்த் தொற்று வந்தவர்கள், பிறவியிலேயே நீலம் பாரிக்கும் இதயக் குறை சரிசெய்யப்படாமல் இருப்பவர்கள் போன்றோருக்கு அந்தக் கிருமி இதயத்தில் ஒட்டிக்கொள்ளலாம். அவர்களுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே வேளையாக, குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் தருவார்கள். அதோடு முடிந்தது, ஐந்து நாள் தொடர வேண்டியதில்லை. ஏற்கெனவே பென்சிலின் முன்தடுப்பில் இருப்பவரின் வாய்க்கிருமிகள் அதற்குப் பழகியிருக்கலாம் என்பதால், அவருக்கு அசித்ரோமைசின் போன்ற வேறு இனத்து மருந்து வேண்டும்; பல் மருத்துவரிடம் பெனிடியூர் பற்றிச் சொல்ல மறப்பவர்கள் நிறைய.

வயலில் இறங்கும் முன்

எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீரில் வெறுங்காலோடு நிற்பவரின் வெடிப்பு, சிராய்ப்பு வழியாக லெப்டோஸ்பைரா என்ற கிருமி நுழைவதால் வருவது எலிக்காய்ச்சல். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்திலும், 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்திலும் அது பரவியபோது டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை வழங்கியதற்குப் பின்னால் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. பனாமாவின் காட்டில் மூன்று வாரம் பயிற்சி எடுத்த 940 அமெரிக்கப் படைவீரர்களில் பாதிப் பேருக்கு வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளினும், மறுபாதியினருக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு நோய் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்குத்தான் வந்தது. முடிவு 1984இல் வெளியானது.

இலங்கையில் விதைப்புக்கோ அறுவடைக்கோ இறங்கும் முன் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இதைக் கேட்டுப் பெறலாம். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வயலில் இறங்க ஒரு நாள் இருக்கும்போது முதல் வேளையைத் தொடங்கி, வாரத்தில் அதே கிழமையில் எடுத்து, சேற்று வேலை முடிந்ததும் நிறுத்த வேண்டும். சாப்பாட்டுக்குப் பின், ஒரு செம்புத் தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ விழுங்குங்கள். இரவில் ஒரு மிடறு நீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால் மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கவே நெஞ்சு எரியும். பால், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றோடு சேர்த்து எடுத்தால் மருந்து சரியாக உடலில் சேராது. வெயில் வழக்கத்தைவிடக் கடுமையாகத் தோலைச் சுடும். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது; சிறுவர்களுக்கு மருத்துவர் சொன்னால் மட்டும். மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போதே காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ‘அதுதான் மருந்து சாப்பிடுகிறேனே’ என்று இருந்துவிடாமல், வயலில் இறங்கியதைச் சொல்லி அன்றே மருத்துவமனையில் காட்டுங்கள். வாரம் ஒரு வேளை என்ற அளவு வந்துவிட்ட நோயைக் குணப்படுத்தாது.

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருந்தால் உடன் வாழ்பவர்களுக்குத் தரும் முன்தடுப்பு மாத்திரைகளிலும் இதே எச்சரிக்கை, இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். ஆறு மாதம் தினமும் ஐசோனியசிட், அல்லது ஐசோனியசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்ந்து வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு வாரம் தருவார்கள். தொடங்கும் முன் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை எதுவும் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். நோய் ஏற்கெனவே உள்ளவருக்கு முன்தடுப்பு அளவை மட்டும் கொடுத்தால், எஞ்சும் கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காதவையாக வளர்ந்துவிடும். நடுவில் பசியின்மை, வாந்தி, கண் மஞ்சள் கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே காட்ட வேண்டும். கல்லீரல் தொடர்பான விஷயம் அது.

இவற்றுக்கு வெளியே நாம் பழக்கத்தில் விழுங்குபவைதான் அதிகம். சளி நெஞ்சுக்கு இறங்காமலிருக்க அசித்ரோமைசின் மூன்று நாள், டெங்கு என்று தெரிந்த பிறகும் ‘எதற்கும்’ ஓர் ஊசி, பயணப் பையில் வயிற்றுப்போக்குக்கு முன்னெச்சரிக்கையாக ஓர் அட்டை என்று அந்தப் பட்டியல் நீளும். முதல் இரண்டும் வைரஸ். ஆன்டிபயாட்டிக் அவற்றைத் தொடுவதே இல்லை. நாய் கடித்த ஆழமான காயத்துக்குச் சில நாள் முன்தடுப்பு ஆன்டிபயாட்டிக் தருவது உண்மைதான். ஆனால் அது வெறிநோயைத் தடுக்காது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவுவதும், அன்றே தடுப்பூசியைத் தொடங்குவதும்தான் முதல் வேலை.

இனி, எல்லாம் முறையாகச் செய்தும் அறுவைப் புண்ணில் தொற்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று பார்ப்போம். முப்பது நாள் வரை, மூட்டோ வலையோ வைத்திருந்தால் மூன்று மாதம் வரையிலும் கூட அது வரலாம். தையலைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, தொட்டால் சுடுவது, வலி குறைந்து வந்தது மறுபடி கூடுவது, நீரோ சீழோ கசிவது, குளிர்காய்ச்சல் ஆகியவை அடையாளங்கள். அப்போது மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். வீட்டில் மீந்திருக்கும் மாத்திரையையும் எடுக்காதீர்கள். அறுவை செய்த மருத்துவரிடம் போய், மருந்து தொடங்கும் முன் சீழில் கொஞ்சம் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள். அந்த முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பது அந்தத் தாளில் எழுதியிருக்கும். அறுவைக்கு முன் போட்ட ஊசியின் பெயரும் வீட்டுக்கு அனுப்பும்போது தந்த சீட்டில் இருக்க வேண்டும். அதையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.